எல்லாப் பக்கமும் பாடும் பெட்டி

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். ஆன்டெனா கட்டப் போன வீடுகளில் அதனாலேயே கொஞ்சம் கெட்ட பேரும் உண்டு. மொட்டை மாடியில் வெயிலில் நின்று குழாயைத் திருப்பிக்கொண்டிருப்பேன். கீழேயிருந்து ஒருவர் சாவகாசமாக, "இந்தப் பக்கமும் வரணும், அந்தப் பக்கமும் வரணும்" என்பார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிடுவேன். கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஊருக்கென்று டிவி டவர் வரவில்லை. புதுச்சேரியில் டிவி வாங்கியவர் வடக்கே இருக்கும் சென்னையைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே கடலைத் தாண்டி இலங்கையைப் பிடிக்க வேண்டும். இரண்டுமே தூரம். அதனால் மூலக்குளத்தில் புதிதாக எழும்பிய வீடுகளின் தலையில் வீட்டைவிட உயரமான இரும்புக் குழாய்கள் நின்றன. அவற்றில் நிறைய நான் நட்டவை. இன்றைக்கு அதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் நம்புவதில்லை, ஏனென்றால் காட்டுவதற்கு ஒன்றுகூட மிச்சம் இல்லை.

அப்படி ஒரு நாள் போன வீடு ஒரு சொல்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். வெள்ளை அரைக்கால் சட்டை, முறுக்கிய மீசை, கையில் எப்போதும் ஒரு தொப்பி. வாசலிலேயே நின்று சொன்னார்.

"தம்பி, ஒரே ஆன்டெனா. நாலா பக்கமும் புடிக்கணும். சென்னையும் வரணும், சிலோனும் வரணும். சும்மா சும்மா திருப்பறது எனக்கு ஆவாது."

"நாலா பக்கமும் புடிக்கிறதுக்குப் பேரு ஆன்டெனா இல்ல முசியே. அது துணி காயப்போடற கம்பி."

சொல்தாக்களை நாங்கள் முசியே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். சிரித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஆன்டெனா என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நிலையத்தில் ஒரு கம்பிக்குள் மின்சாரத்தை முன்னும் பின்னுமாக மகா வேகத்தில் ஆட்டுகிறார்கள். அந்த ஆட்டம் கம்பியோடு நின்றுவிடாமல் அலையாக வெளியே கிளம்பிவிடுகிறது. போகிற வழியில் இன்னொரு உலோகக் கம்பி நின்றால் அதற்குள் இருக்கிற மின்சாரத்தையும் அதே தாளத்தில் ஆட்டிவிடும். அந்தச் சின்ன ஆட்டத்தைப் பெருக்கிப் படமாகவும் பாட்டாகவும் மாற்றுவது பெட்டியின் வேலை. அனுப்பும் கம்பிக்கும் வாங்கும் கம்பிக்கும் அடிப்படையில் வித்தியாசம் கிடையாது. ஒன்று பேசுகிறது, ஒன்று கேட்கிறது.

கம்பியின் நீளம் முக்கியம். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால் சின்னப் பிள்ளை தள்ளினாலும் உயரமாகப் போகும், தாளம் தவறித் தள்ளினால் பயில்வானாலும் முடியாது. கம்பிக்கும் அப்படி ஒரு தாளம் உண்டு. அலையின் நீளத்தில் ஏறக்குறையப் பாதி இருக்கும் கம்பி நன்றாக ஆடும். சென்னையின் அலை நீளமானது, அதற்கு என்னைவிட நீளமான அலுமினியக் குழாய் வெட்ட வேண்டும். இலங்கையின் அலை குட்டை, அதற்கு ஒன்றரை முழக் குழாய் போதும். இப்போது எல்லோர் கையிலும் இருக்கிற செல்போனின் அலை சாண் கணக்குதான். அதனால் அதன் ஆன்டெனா உள்ளேயே ஒளிந்துகொண்டது. அது இல்லவே இல்லை என்று என் பேரன் என்னோடு சண்டைக்கு வருகிறான். இல்லாமல் எப்படிடா பேசுவாய், வாயாலா என்று கேட்பேன்.

அடுத்தது பக்கம். டிவி ஆன்டெனாவில் கம்பி இணைக்கிற குழாய் ஒன்றுதான். அதற்குப் பின்னால் சற்று நீளமாக ஒன்று இருக்கும், அது அலையைத் திருப்பி அனுப்பும். முன்னால் குட்டை குட்டையாகச் சில, அவை அலையை இழுத்துக் கொடுக்கும். அதனால் முன்பக்கம் இருந்து வருவது பலமாகக் கேட்கும், பின்பக்கமும் பக்கவாட்டும் செவிடு. வாங்குகிறவர்களுக்கு இந்தச் செவிடு பிடிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கியது எதற்குப் பாதி ஊரைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்று நினைப்பார்கள். வேண்டாததற்கெல்லாம் காது கொடுத்தால் வேண்டியது தெளிவாகக் கேட்காது என்று விளக்கிப் பார்ப்பேன். தலையை ஆட்டுவார்கள், பிறகு மறுபடியும் முதலிலிருந்து கேட்பார்கள்.

சொல்தாவும் மறுபடி கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அந்த மாதிரி நாலா பக்கமும் கேக்கற ஆன்டெனா கட்டி ஒரு ஆள் சாவப் பாத்தாரு. போதுமா?"

"டிவி பாத்தா?"

"ரேடியோ கேட்டு. கடல்ல."

அவர் தொப்பியை நாற்காலியில் வைத்தார். உள்ளே திரும்பிக் காபி கொண்டுவரச் சொன்னார். "உக்காருப்பா. இன்னா ஆச்சு, சொல்லு" என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாத விஷயம், என் மனைவியிடம்கூட. முன்பின் தெரியாத மனிதரிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

நான் குருசுக்குப்பத்தில் பிறந்தவன்தான். ஆனால் என் அப்பா கடலை விட்டுப் பஞ்சாலைக்குப் போனார், நானும் அவர் பின்னாலேயே போனேன். எழுபதுகளில் ஒரு சமயம் ஆலையில் வேலை நின்றுபோனது. என் மனைவியின் அண்ணன் கட்டுமரம் வைத்திருந்தார். கூட வந்த ஆள் வேறு இடம் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். மச்சான் கடலில் பிறந்து கடலில் வளர்ந்த ஆள் மாதிரி இருப்பார். நான் நூல் முடிச்சுப் போட்டுப் பழகிய ஆள். தண்ணீரைப் பார்த்தால் எனக்குத் தண்ணீர் மட்டும்தான் தெரியும்.

"மாப்ள, துடுப்புப் போடுறியா, பருப்பு கடையுறியா?" என்பார். "தங்கச்சி புருசனாச்சேன்னு பாக்கறேன். இல்லன்னா திருக்கைக்குத் தீனியாப் போட்டுட்டு வந்துடுவேன்."

அவர் பேச்சைத் தாங்கிக்கொள்ள எனக்கு இருந்த ஒரே துணை டிரான்சிஸ்டர். எங்கள் கல்யாணத்துக்கு அவரே வாங்கிக் கொடுத்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பாய் கட்டும் மூங்கிலில் தொங்கவிடுவேன். ஊரை ஒட்டி இருந்த வானொலி நிலையம் காலையில் செய்தி சொல்லும், பிறகு பாட்டுப் போடும், வெயில் ஏறியதும் காலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டு மதியம்தான் திரும்ப வரும்.

அந்தப் பெட்டியிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. கட்டுமரம் திரும்பும்போது பாட்டு மங்கிப்போகும். இன்னும் திரும்பினால் வந்துவிடும். ஊரில் எல்லோருக்கும் இது தெரிந்ததுதான். வீட்டிலும் ரேடியோவை இப்படியும் அப்படியும் திருப்பி வைத்துத்தான் கேட்போம். சிலர் மேலே இருக்கிற மடக்குக் கம்பியை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். அது தூரத்து நாட்டு நிலையங்களைக் கேட்பதற்கு. உள்ளூர் நிலையத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளூர் நிலையத்தைக் கேட்பது பெட்டிக்குள்ளே படுத்திருக்கிற ஒரு கறுப்புக் குச்சி. அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். அந்த அலை இங்கிருந்து தெருக்கோடி வரை நீளமானது, அதில் பாதிக்குக் கம்பி கட்ட யாராலும் முடியாது. அலையில் மின்சாரம் ஒரு பாதி, காந்தம் ஒரு பாதி. அதனால் காந்தப் பாதியை மட்டும் இந்தக் குச்சி சேர்த்துக் கொடுக்கிறது. குச்சியின் அகலவாட்டம் நிலையத்தைப் பார்த்தால் சத்தம் அதிகம். குச்சியின் முனை நிலையத்தைப் பார்த்தால் சத்தமே இருக்காது.

இந்தக் கணக்கெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். பெட்டியின் ஒடுங்கின பக்கம் நம் ஊரைப் பார்க்கும்போது பாட்டு செத்துப்போகும். சும்மா இருக்கும் நேரத்தில் இதை ஒரு விளையாட்டாக்கிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைத் திருப்புவேன். பாட்டு நிற்கும் இடத்தில் நிறுத்தி, "மச்சான், ஊரு அங்க இருக்குது" என்று கையைக் காட்டுவேன். கண்ணைத் திறந்தால் சரியாக இருக்கும்.

"கண்ணத் தொறந்தா கரை தெரியப்போவுது. இதுக்கு ஒரு பொட்டி வேணுமாடா?" என்பார் மச்சான்.

பாட்டு விட்டுவிட்டு வருகிறது என்று வீட்டில் நான்தான் புலம்பியிருக்கிறேன். என் மனைவி அதைக் கேட்டு வைத்திருக்கிறாள். ஒரு நாள் பெட்டியைப் பெரிய மார்க்கெட் பக்கம் இருந்த ரேடியோ கடைக்குக் கொண்டுபோனாள். கடைக்காரர் கறுப்புக் குச்சிமேல் நாலு சுற்று ஒயர் சுற்றி, அதன் மறுமுனையை நீளமாக வெளியே விட்டுக் கொடுத்திருக்கிறார். தடியான, பளிச்சென்ற சிவப்பு ஒயர். மறுநாள் விடியலில் அவளே கரைக்கு வந்தாள். மூங்கில் உச்சிவரை ஒயரைக் கொண்டுபோய்க் கட்டினாள். வலைக்காரப் பெண்கள் போடுகிற முடிச்சு, சாமானியத்தில் அவிழாது.

"இனிமே எந்தப் பக்கம் திரும்பினாலும் பாடும். வாய மூடிக்கினு வேலையப் பாரு" என்றாள்.

பாடவும் செய்தது. மரம் எப்படித் திரும்பினாலும் அதே கனத்தில் பாடியது. மச்சானுக்கே பிடித்துவிட்டது. துடுப்புப் போட்டுக்கொண்டே தலையாட்டினார். தங்கச்சிக்கு இருக்கிற மூளையில் கால்வாசி உனக்கு இல்லையே என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. என் புலம்பலுக்காகவே அவள் கடைவரை அவ்வளவு தூரம் நடந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதத்தில் ஒரு காலை. வலையை இழுத்துக்கொண்டிருந்தோம். கரையிலிருந்து பனி இறங்கிக் கடல்மேல் வந்தது. எங்கள் பக்கம் அது அடிக்கடி நடப்பதில்லை. முதலில் கரையில் இருந்த தென்னைகள் போயின, பிறகு மற்றக் கட்டுமரங்கள் போயின, பிறகு எங்கள் மரத்தின் மூக்கே மங்கலாகத் தெரிந்தது. சூரியன் எங்கே என்று சொல்ல முடியவில்லை. காற்றும் விழுந்துவிட்டது. மச்சான் அலட்டிக்கொள்ளவில்லை. வெயில் ஏறினால் போய்விடும் என்று வலையை இழுத்தார். ரேடியோ செய்தி முடித்துப் பாட்டுக்கு வந்திருந்தது.

வலையில் திருக்கை இருந்ததை நாங்கள் பார்க்கவில்லை. மரத்தின்மேல் விழுந்ததும் வாலை வீசியது. வாலிலிருந்த விஷமுள் மச்சானின் கெண்டைக்காலில் இறங்கியது. அந்த மனுஷன் கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. திருக்கையை வலையோடு தள்ளிவிட்டேன். முள் ஒடிந்து உள்ளேயே இருந்தது. துண்டைக் கிழித்துக் கட்டினேன், கட்டு உடனே சிவந்தது. கால் வீங்கிக்கொண்டு வந்தது. அவருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, வாந்தி எடுத்தார், பிறகு மரத்தோடு மரமாகச் சாய்ந்துவிட்டார்.

இனி வேலை என்னுடையது. அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்குக் கரைக்குப் போக வேண்டும், அதற்குக் கரை எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். வலையோடு மல்லுக்கட்டியதில் மரம் எத்தனை முறை சுற்றியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. சுற்றிலும் ஒரே வெள்ளை. தப்பான பக்கம் துடுப்புப் போட்டால் அவரை நானே நடுக்கடலுக்குக் கொண்டுபோய்க் கொல்வேன்.

எனக்குப் பயமே வரவில்லை, அதுதான் வேடிக்கை. நம்மிடம் பெட்டி இருக்கிறதே என்று நினைத்தேன். இத்தனை நாள் விளையாடியது எதற்கு? பையோடு எடுத்து நெஞ்சுக்கு நேராகப் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். பாட்டு நிற்கவில்லை. இன்னும் திருப்பினேன். நிற்கவில்லை. முழுச் சுற்றும் சுற்றினேன். பெட்டி என்னைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஊர் இருப்பதுபோல் பாடிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

பெட்டியை ஓங்கி ஓங்கி அடித்தேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். பாடிக்கொண்டிருந்தவரையும் திட்டினேன், பாவம் அவர் என்ன பண்ணுவார். "நில்லு, ஒரு நிமிசம் நில்லேன்" என்று ஒரு ரேடியோவிடம் கெஞ்சினவன் நானாகத்தான் இருப்பேன். மச்சான் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"இன்னாடா மாப்ள?"

"எந்தப் பக்கம் திருப்பினாலும் பாடுது மச்சான்."

"ஒன் பொண்டாட்டி... அதத்தான சொன்னா" என்றார். கிண்டல் பண்ணுகிறாரா, வலியில் உளறுகிறாரா தெரியவில்லை. கண்ணை மறுபடி மூடிக்கொண்டார்.

அந்த வார்த்தையில்தான் நிமிர்ந்து ஒயரைப் பார்த்தேன். மூங்கில் உச்சியிலிருந்து சிவப்பாக இறங்கி என் கையிலிருந்த பெட்டிக்குள் போனது. பெட்டியைத் திருப்புகிறேன், ஒயர் திரும்பவில்லை. அது நட்டுக்குத்தலாக நிற்கிறது, எங்கிருந்து வந்தாலும் அதற்கு ஒன்றுதான். பெட்டிக்குள் இப்போது இரண்டு காது. குச்சி பக்கம் பார்த்துக் கேட்கும், ஒயர் பக்கம் பார்க்காமல் கேட்கும். குச்சி பேசாமல் இருக்கும்போது ஒயர் பேசிவிடுகிறது.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், இடம் கொடுக்கவில்லை. அவள் போட்ட முடிச்சு. ரேடியோவில் பாட்டு முடிந்து, காலை ஒலிபரப்பு இத்துடன் முடிவடையப் போகிறது என்கிற தோரணையில் ஒரு குரல் ஆரம்பித்தது. மீன் வெட்டும் கத்தியை எடுத்துப் பெட்டியை ஒட்டி ஒயரை ஒரே வெட்டாக வெட்டினேன். மூங்கிலில் தொங்கிய மிச்சத்தையும் இழுத்து அறுத்துக் கடலில் எறிந்தேன்.

குரல் மெலிந்தது. திருப்பினேன். இன்னும் மெலிந்தது. இன்னும் கொஞ்சம், இரைச்சல் மட்டும் இருந்தது. கொஞ்சம் தாண்டினால் குரல் வந்தது, திரும்ப வந்தால் போனது. என் வாழ்நாளில் ஒரு சத்தம் நின்றதற்கு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. பெட்டியின் இரண்டு முனைக்கும் நேராகத் துடுப்பை மரத்தின்மேல் வைத்தேன். அப்போதுதான் அடுத்த இடி. கோடு கிடைத்தது சரி, அதில் எந்த முனை ஊர், எந்த முனை நடுக்கடல்? முன்னால் பார்த்தாலும் பின்னால் பார்த்தாலும் குச்சிக்கு ஒன்றுதான். விளையாட்டில் கரை எந்தப் பக்கம் என்று எனக்கு முன்பே தெரியும், பெட்டி அதைச் சொல்லாது.

"மச்சான். மச்சான். இந்தக் கோடுல எந்தப் பக்கம் போவணும்?"

அவரை உலுக்கினேன். கன்னத்தில் அடித்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் கையை மட்டும் இறக்கித் தண்ணீருக்குள் விட்டார். அலை எங்கிருந்து வருகிறது என்று கையாலேயே பார்த்தார்.

"அலை ஒனக்கு முதுகுல தட்டணும். வலப்பக்கத்து முதுகுல. மூஞ்சில தட்டினா திரும்பிக்கோ" என்றார்.

அதற்குள் நிலையம் மூடிவிட்டது. பெட்டி வெறும் இரைச்சலானது. ஆனால் மரத்தைக் கோட்டில் திருப்பிவிட்டிருந்தேன். அலை எந்தத் தோளில் எவ்வளவு சாய்வாகத் தட்டுகிறது என்று உடம்பால் பிடித்துக்கொண்டேன். துடுப்புப் போட்டேன். அந்தத் தட்டல் கொஞ்சம் மாறினாலும் மரத்தைத் திருப்பினேன். பருப்பு கடைகிறாயா என்று கேட்க ஆள் இல்லை. அவர் அப்படிக் கேட்டால் தேவலை என்று இருந்தது, அழுதேன். பனி கலையும்போது முன்னால் எங்கள் குப்பத்துத் தென்னைகள் நின்றன.

கரையில் என் மனைவி நின்றாள். பனிக்குள் இருந்த மரங்களுக்காக எல்லாப் பெண்களும் நின்றார்கள். நாங்கள் தூரத்தில் வரும்போதே அவள் மட்டும் முழங்கால் தண்ணீருக்கு இறங்கி ஓடிவந்தாள். ஏன் அப்படி முந்திக்கொண்டு ஓடிவந்தாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை. மச்சானைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். வெந்நீரில் காலை வைத்து, முள்ளை வெட்டி எடுத்து, புண் அழுகாமல் பார்த்துக்கொண்டார்கள். பிழைத்துக்கொண்டார். கால் கொஞ்சம் விந்தும், அவ்வளவுதான்.

அவர் கட்டிலில் படுத்திருந்தபோது என் மனைவி கஞ்சி கொண்டுவந்தாள். ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ரேடியோல ஒயர் அறுந்து கெடக்குதே, அது எப்பிடி?"

உன் ஒயரால்தான் உன் அண்ணன் சாகப் பார்த்தார் என்று எந்த வாயால் சொல்வது? மச்சான் என்னைப் பார்த்தார். பிறகு கஞ்சியைப் பார்த்தார்.

"காத்துல அறுந்துடுச்சி பாப்பா. வேற கட்டிக் குடு. பாட்டு இல்லாம இவன்கூட எவன் கடலுக்குப் போறது?" என்றார்.

என்னை அத்தனை நாள் வறுத்தெடுத்த மனிதர் அவர். அன்றைக்கு அவர் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும்போல் இருந்தது, கட்டுப் போட்டிருந்ததால் விட்டுவிட்டேன்.

அவள் வேறு ஒயர் கட்டிக் கொடுத்தாள். இந்தத் தடவை உச்சியில் ஒரு சிவப்புத் துணியையும் சேர்த்துக் கட்டினாள். கண் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்ததும் எனக்கு ஒரு தொழில் கூடியது. தினமும் விடியலில் அவள் கட்டி அனுப்புவாள், கரை மறைந்ததும் நான் ஒயரை அவிழ்த்துச் சுருட்டி மீன் கூடைக்கு அடியில் வைப்பேன். திரும்பும்போது, கரை தெரிவதற்கு முன்னால், எடுத்து மறுபடி உச்சியில் கட்டுவேன். மச்சான் சிரிப்பார், தங்கச்சியிடம் மூச்சு விட மாட்டார். ஆலை திரும்பத் திறந்து நான் அங்கே போகும் வரைக்கும் இப்படித்தான் ஓடியது, பிறகு அதையும் விட்டு ஆன்டெனா வேலைக்கு வந்தேன்.

சொல்தா காபியை ஆறவிட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் மீசையைத் தடவினார்.

"எங்க பட்டாளத்துல இதுக்குன்னே ஒரு மெசின் இருந்துது. எதிரி எங்கேர்ந்து பேசுறான்னு கண்டுபுடிக்க. அதுலயும் நீ சொன்ன கதைதான். சத்தம் பெருசா வர்ற எடத்த நம்ப மாட்டோம், சத்தம் சாவுற எடத்தத்தான் நம்புவோம்" என்றார். "அதுல ஒயரும் உண்டு தெரியுமா? கோட்டுல எந்த மொன சரின்னு பாக்கறதுக்கு, ஒயர அளவா சேப்போம். ஒன் பொண்டாட்டி கட்டுனது தப்பு இல்ல. அளவு தெரியல, அவ்ளோதான்."

இது எனக்குப் புதுச் செய்தி. அந்த ஒயரைப் பாதி வெட்டியிருந்தால் மச்சானைக் கேட்காமலே முனையும் தெரிந்திருக்குமோ என்று உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டேன். அவர் விடவில்லை.

"அவகிட்ட இன்னும் சொல்லலியா?"

"இல்ல."

"சொல்லிடு" என்றார்.

அவருக்கு ஒரே கம்பத்தில் இரண்டு ஆன்டெனா கட்டினேன். நீளக் குழாய் சென்னை பார்த்து, குட்டைக் குழாய் இலங்கை பார்த்து. கீழே ஒரு சுவிட்ச். நாலா பக்கமும் இல்லை முசியே, ரெண்டே பக்கம் என்றேன். ரெண்டே போதும் என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டேன். அவள் வாசலில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். பனி, திருக்கை, பெட்டி நிற்காமல் பாடியது, கத்தி, எல்லாம். மச்சான் ஏன் பொய் சொன்னார் என்பதையும் சொன்னேன். அவள் அரிவதை நிறுத்தவில்லை.

"தெரியும்."

"இன்னா தெரியும்?"

"காத்து எப்பய்யா கத்தி வெச்சிக்கினு வந்துது? மொன வெட்டுன மாதிரி இருந்துதே, எனக்குக் கண்ணு இல்லையா? அப்புறம் தெனமும் நான் ஒரு முடிச்சு போட்டு அனுப்புவேன். திரும்பி வரும்போது ஆலையில நூலுக்குப் போடுற முடிச்சு இருக்கும். குப்பத்துல அந்த முடிச்சு ஒன்னத் தவிர எவனுக்குத் தெரியும்?"

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை நாளும் மூங்கிலில் தொங்கிக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"தெரிஞ்சிக்கினே ஏண்டி தெனமும் கட்டுன?"

அப்போதுதான் கையை நிறுத்தினாள்.

"அன்னிக்குப் பனி கலையும்போது எல்லா மரமும் வருது. நம்ம மரத்துல மட்டும் மூங்கில் மொட்டையா இருந்துது, ஒயரு இல்ல. அதப் பாத்ததும் எதோ ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சிபோச்சு எனக்கு. அதான் ஓடியாந்தேன். அதுக்கப்புறம் கரையில நின்னு நான் ஒன் மூஞ்சியையா பாத்தேன்? அம்மாந் தூரத்துல மூஞ்சி எங்க தெரியுது? ஒயர் கட்டி, செவப்புத் துணி ஆடினா, மேல ஏறி முடிச்சு போடற அளவுக்கு ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னு தெரியும். அப்பவே வீட்டுக்கு வந்து ஒலை வெச்சிடுவேன்."

சொல்லிவிட்டு மீனைக் கழுவ எழுந்து போனாள். நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். நாங்கள் கரை சேர்ந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் சோறு ஏன் சரியாகக் கொதித்துக்கொண்டிருக்கும் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.